கூரைப் பனி எங்கே போகும்? பொறியியலிலிருந்து ஸ்கீ வீடுகளுக்கு

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஒரு தனி வீட்டை வடிவமைக்க ஆர்க்கிடெக்ட் உரிமம் தேவையில்லை. நான்கு குடும்பங்கள் வரை வசிக்கும் கட்டடங்களுக்கு மாநிலச் சட்டம் அந்த விலக்கைத் தருகிறது. அப்படியிருக்க, கட்டமைப்புப் பொறியாளராக உரிமமும் நல்ல சம்பளமும் இருந்த நான் ஆர்க்கிடெக்ட் ஆவதற்காக எதற்கு மறுபடி கல்லூரிக்குப் போனேன் என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அதிகம் கேட்பது பழைய சக பொறியாளர்கள்தான். ஆர்க்கிடெக்டுகள் கேட்பதில்லை, பரிதாபமாகப் பார்ப்பதோடு சரி.

ஒரு வீட்டின் வரைபடம் கட்டமைப்புப் பொறியாளர் மேசைக்கு வந்து சேரும்போது அதன் கூரை முடிவாகியிருக்கும். வாசல் எங்கே, புகைபோக்கி எங்கே, எந்தச் சுவர் முழுக்கக் கண்ணாடி என்பதெல்லாம் முடிவாகியிருக்கும். "இதை நிற்க வைத்துக் கொடுங்கள்" என்பதுதான் நமக்கு வரும் வேலை. போதுமான இரும்பைப் போட்டால் எதுவும் நிற்கும். நின்றுவிட்டதாலேயே அது நல்ல கூரை ஆகிவிடாது, அவ்வளவுதான். மோசமான கூரைகளைப் பத்திரமாக நிற்க வைத்துக்கொண்டே இருந்ததில் எனக்கு அலுப்புத் தட்டிவிட்டது. கூரையை முதலில் வரைகிற மேசைக்கே போய்விடலாம் என்று தோன்றியது.

வழி நீளமானது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொறியியல் பட்டம் மட்டும் உள்ளவர்களுக்கு அமெரிக்காவில் வழக்கமான பாதை, அங்கீகாரம் பெற்ற எம்.ஆர்க் என்ற கட்டடக்கலை முதுநிலைப் படிப்பு. கட்டடக்கலையில் இளநிலைப் படிப்பு இல்லாதவர்களுக்கான பிரிவில் அது மூன்று அல்லது மூன்றரை ஆண்டு ஓடும். பிறகு ஏ.எக்ஸ்.பி. என்ற அனுபவப் பதிவு, மொத்தம் 3,740 மணி நேரம். அதையடுத்து ஆறு பிரிவுத் தேர்வுகள். இதெல்லாம் முடியும்வரை 'ஆர்க்கிடெக்ட்' என்ற பட்டத்தைப் பெயரோடு போட்டுக்கொள்ளக் கூடாது, சட்டம் அனுமதிக்காது. அலுவலகத்தில் நம்மை 'டிசைனர்' என்பார்கள். அங்கீகாரம் பெற்ற பட்டம் இல்லாமலே அனுபவத்தைக் காட்டி உரிமம் பெறச் சில மாநிலங்களில் வழி உண்டு. ஆனால் வேறு மாநிலத்தில் வேலை செய்யப் போகும்போது அந்த உரிமம் எல்லா இடத்திலும் செல்லாது. மலை வீடுகள் செய்கிறவருக்கு கொலராடோ, யூட்டா, வயோமிங், மான்டானா, ஐடஹோ என்று வேலை சிதறிக் கிடக்கும். நான் பட்டத்தையே தேர்ந்தெடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

சேர்க்கைக்கு போர்ட்ஃபோலியோ கேட்பார்கள். பொறியாளர்கள் பெரும்பாலும் திகைத்து நிற்பது இங்கேதான். கணக்குத் தாள்களையும் ஸ்டீல் விவரப் படங்களையும் அள்ளி வைத்து அனுப்புவார்கள். தேர்வுக் குழுவுக்கு நீங்கள் கணக்குப் போடுவீர்கள் என்று ஏற்கனவே தெரியும். நீங்கள் எப்படிப் பார்க்கிறீர்கள் என்பதைத்தான் அவர்கள் தேடுகிறார்கள். ஒரு மர இணைப்பைக் கையால் வரைந்த படம், அதையே நீங்கள் செதுக்கிச் செய்த சிறு மாதிரி, ஒரே கட்டடத்தை வெவ்வேறு நேர வெளிச்சத்தில் எடுத்த புகைப்படங்கள் இருந்தால் போதும், ஒரு பாலத்தின் மொத்தக் கணக்கைவிட அதிகம் பேசும். கணக்கை வைத்தே தீர வேண்டும் என்றால் ஒரு பக்கம் வையுங்கள். அந்த விசை எந்த வழியாகத் தரைக்கு இறங்குகிறது என்று ஓவியமாகக் காட்டுங்கள்.

படிப்பில் கணிதம், இயற்பியல், கட்டமைப்புப் பாடங்கள் நமக்குச் சுலபம். சில கல்லூரிகளில் விலக்கே கிடைக்கும். ஸ்டுடியோ என்ற வடிவமைப்பு வகுப்பு வேறு உலகம். பொறியியலில் வேலை செய்யும் தீர்வு ஒன்று கிடைத்தால் அங்கே நிறுத்திவிட்டு அடுத்த வேலைக்குப் போவோம், அதுதான் திறமை. ஸ்டுடியோவில் அதே பழக்கம் சோம்பேறித்தனமாகத் தெரியும். ஒன்றைக் கொண்டுபோனால் "சரி, இன்னும் மூன்று எங்கே?" என்பார்கள். முதல் யோசனையைக் காப்பாற்ற எண்களைத் துணைக்குக் கூப்பிடும் புத்தி நமக்கு உண்டு. அதை விடச் சொல்லித்தருவதற்கு எந்தப் பாடத்திட்டத்திலும் இடமில்லை. விமர்சனக் குழு முன்னால் நின்று நின்றுதான் அது கழலும். எனக்குக் கைகொடுத்தது வெட்டுத்தோற்றம். தரைப்படத்தில் ஆர்க்கிடெக்ட் மாணவர்கள் என்னைவிட வெகு தூரம் முன்னால் இருந்தார்கள். ஆனால் கட்டடத்தைக் கத்தியால் வெட்டிப் பார்ப்பதுபோல வரையும் படத்தில் தரை, அஸ்திவாரம், சுவர், வெப்பத்தடுப்பு, கூரை எல்லாம் ஒரே கோட்டில் வந்துவிடும். பொறியாளன் மனம் ஏற்கனவே அப்படித்தான் ஓடுகிறது. இன்றும் எந்த வீட்டையும் நான் அதிலிருந்துதான் தொடங்குகிறேன், கூரைமேல் பனியையும் சேர்த்து வரைந்து.

தேர்வுகளில் கட்டுமானம் சார்ந்தவை பயமுறுத்தவில்லை. ஒப்பந்தமும் அலுவலக நிர்வாகமும் சார்ந்தவைதான் கடினம். யாருடைய பொறுப்பு எங்கே முடிகிறது, தளத்தில் ஆர்க்கிடெக்ட் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பதை அமெரிக்க ஆர்க்கிடெக்டுகளின் சங்கமான ஏ.ஐ.ஏ. வெளியிடும் மாதிரி ஒப்பந்தங்களை வரி வரியாகப் படித்தே புரிந்துகொள்ள முடியும். குறிப்பாக உரிமையாளருக்கும் ஆர்க்கிடெக்டுக்கும் இடையிலான பி101, கட்டுமானத்தின் பொது நிபந்தனைகளான ஏ201 இரண்டையும். அலுப்பான வேலைதான். ஆனால் பெரும் பணக்கார வாடிக்கையாளரின் வழக்கறிஞரோடு பேசும் நாள் வரும், அப்போது அந்த அலுப்பு உதவும்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அனுபவமுள்ள பொறியாளர் வாங்குவதைவிடப் புதிதாகச் சேரும் டிசைனரின் சம்பளம் கணிசமாகக் குறைவு. குடும்பத்தோடு உட்கார்ந்து, படிக்கும் காலத்தோடு உரிமம் வரும் காலத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். படிக்கும்போது நான் பகுதிநேரமாகப் பழைய வேலையையே செய்துகொண்டிருந்தேன். பல கல்லூரிகள் இதை விரும்புவதில்லை. விரும்பாவிட்டால் போகட்டும்.

ஸ்கீ வீடுகளுக்குள், அதாவது பனிச்சறுக்கு மலைகளில் கட்டும் வீடுகளுக்குள், நான் வந்தது பனியின் தயவில். மலை வீடுகள் செய்யும் அலுவலகங்களுக்கு அழகாக வரையத் தெரிந்தவர்கள் நிறையக் கிடைக்கிறார்கள். பனிப்பாரத்தைப் பார்த்த மாத்திரத்தில் ஊகிக்கத் தெரிந்தவர்கள் கிடைப்பதில்லை. இந்தத் துறையே பொறியாளர்களுக்குக் கடன்பட்டதுதான். ஐடஹோவின் சன் வேலியில் 1936-இல் உலகின் முதல் நாற்காலி லிஃப்டை உருவாக்கியவர் யூனியன் பசிபிக் ரயில் நிறுவனத்தின் பொறியாளர் ஜேம்ஸ் கரன். கப்பலில் வாழைத்தார் ஏற்றும் கொக்கி இயந்திரத்தைப் பார்த்து, கொக்கி இருந்த இடத்தில் நாற்காலியைத் தொங்கவிட்டார். ஸ்கீ பற்றி அவருக்குத் தெரிந்தது கொஞ்சம்தான் என்பார்கள். அந்த அளவில் எனக்கும் ஆறுதல்.

இப்போது பனிக்கு வருகிறேன். என் வேலையில் பாதி அதுதான்.

பனி இல்லாத ஊரில் சாதாரணக் கூரைக்கு விதிகள் கேட்கும் மாறும் பாரம் (கூரையின் சொந்த எடை சேராதது) சதுர அடிக்கு 20 பவுண்டு. கொலராடோ மலைகளில் சில இடங்களில் பனிப்பாரம் மட்டுமே 100 பவுண்டைத் தாண்டும். புதிதாக விழுந்த பனி லேசானது, கன மீட்டருக்கு 50 முதல் 100 கிலோ இருக்கும். அதுவே காற்றில் குவிந்து, இறுகி, வசந்தத்தில் ஈரமேறினால் 400 கிலோவுக்கு மேல் போகும். ஏ.எஸ்.சி.இ. 7 என்ற பாரத் தரநிலை இதற்கெல்லாம் சூத்திரம் தருகிறது. உயரமான கூரைக்குப் பக்கத்தில் தாழ்ந்த கூரை இருந்தால் காற்று பனியைக் கொண்டுவந்து அந்த மூலையில் குவிக்கும், அதற்கு ஒரு கணக்கு. மேல்கூரையிலிருந்து சரிந்து விழும் பனியைக் கீழ்க்கூரையின் முதல் 15 அடிக்குள் பரப்பிக் கணக்கிட வேண்டும், அதற்கு ஒன்று. பொறியாளராக இருந்தபோது இத்தனையும் செய்தேன். உத்தரம் தாங்கும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தப் பனி அப்புறம் எங்கே போகும் என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. கேட்க வேண்டிய அவசியமும் அந்த வேலையில் இல்லை.

அந்தக் கேள்வியை எனக்குப் புரியவைத்தவர் ஆர்க்கிடெக்ட் இல்லை, பனி வாரும் வண்டி ஓட்டுபவர். ஒரு பழைய வீட்டை மாற்றிக் கட்டும் வேலைக்காகத் தளத்துக்குப் போயிருந்தேன். வாசலைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று அவரிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். "கராஜ் கதவு வடக்குப் பார்த்து இருக்கிறது. அதற்கு நேர் மேலே உலோகக் கூரை சரிகிறது. காலையில் நான் வாரிவிட்டுப் போவேன், மத்தியானம் கூரை மறுபடி கொட்டும். இந்தத் தெருவில் இப்படி எத்தனை வீடு என்று காட்டட்டுமா?" என்றார். காட்டினார். கட்டமைப்பில் எந்தக் குறையும் இல்லாத வீடுகள்தான் அத்தனையும்.

அதிலிருந்து எந்த மனையானாலும், முதல் கோடு போடும் முன் அந்தப் பகுதியில் பனி வாரும் ஒருவரிடமும், ஆளில்லாத வீடுகளைப் பார்த்துக்கொள்ளும் பராமரிப்பாளர் ஒருவரிடமும் பேசிவிடுகிறேன். காற்று எந்தப் பக்கத்திலிருந்து பனியைக் கொண்டுவருகிறது, வாரிய பனியை எங்கே குவிப்பார்கள், எந்த வீட்டுக் குழாய் எந்த வருடம் உறைந்து வெடித்தது என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. மண் பரிசோதனை அறிக்கைக்குச் செலவழிப்பதில் ஒரு சிறு பங்குகூட ஆகாது. ஒரு காபி வாங்கிக் கொடுத்தால் போதும்.

வாசலை எப்போதும் கூரையின் முக்கோண முகப்புப் பக்கம் வையுங்கள், சரிவு இறங்கும் பக்கம் வேண்டாம். இடம் இல்லாமல் சரிவுப் பக்கமே வைக்க நேர்ந்தால் வாசலுக்கு மேல் தனியாக ஒரு சிறு முக்கோணக் கூரை போட்டுப் பனியை இரு பக்கமும் பிரித்துவிடலாம். ஆனால் அதுவும் பிரதான கூரையும் சேரும் ஓடையில் பனி தேங்கி, உருகி, உறையும். படத்தில் அழகாகத் தெரியும் ஒவ்வொரு கூரை ஓடையும் குளிர்காலத்தில் ஒரு பிரச்சினை. என் வீடுகளில் கூரைகள் சலிப்பூட்டும் அளவு எளிமையாக இருப்பதாக ஒரு வாடிக்கையாளர் குறைப்பட்டுக்கொண்டார். சரிதான்.

புகைபோக்கியையும் காற்றோட்டக் குழாய்களையும் முகட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள். சரிவின் கீழ்ப்பகுதியில் நிற்கும் எதையும் பனி மெதுவாக நகர்ந்து நகர்ந்து வெட்டி எறிந்துவிடும். எரிவாயு மீட்டரைச் சரிவுக்குக் கீழே வைப்பது இன்னும் ஆபத்து. உலோகக் கூரையில் பனியைப் பிடித்து நிறுத்தக் கம்பித் தடுப்புகள் போடுவார்கள். அவற்றைப் பொருள் பட்டியலைப் பார்த்து வாங்கிப் பொருத்தினால் போதாது. சதுர அடிக்கு 100 பவுண்டு பாரம், 12 அங்குலத்துக்கு 6 அங்குலம் ஏறும் சரிவு, முகட்டிலிருந்து விளிம்புவரை கிடைமட்டமாக 20 அடி என்று வைத்துக்கொண்டால், உராய்வைக் கழிக்காமல் கூரையின் ஒவ்வோர் அடி நீளத்துக்கும் ஏறத்தாழ 900 பவுண்டு கீழ்நோக்கித் தள்ளுகிறது. ஒற்றை வரிசைத் தடுப்பால் அது முடியுமா, கவ்விகளைத் தகடு தாங்குமா, தகட்டை அடியில் உள்ள பலகை தாங்குமா என்று கடைசி ஆணிவரை பார்க்க வேண்டும். இங்கே பழைய தொழில் நேராகக் கைகொடுக்கிறது. ஆர்க்கிடெக்டுகள் பலர் தடுப்பு வரிசைகளைக் கண்ணளவில் வரைவதைப் பார்க்கும்போது எனக்கு இப்போதும் கை பரபரக்கும்.

பனிக்கட்டி அணை என்று ஒன்று உண்டு. மலை வீடுகளில் வரும் கசிவுகளில் பெரும்பாலானவை இதனால்தான். கூரைமேல் கிடக்கும் பனி ஒரு கம்பளிதான், வெப்பத்தை வெளியே விடாது. வீட்டுக்குள்ளிருந்து மேலேறும் வெப்பம் அந்தப் பனியின் அடிப்பகுதியை உருக்கும். உருகிய நீர் சரிவில் இறங்கி, சுவரைத் தாண்டி வெளியே நீளும் குளிர்ந்த விளிம்பில் உறையும். அந்த உறைவுக்குப் பின்னால் நீர் குளம்போல் தேங்கி, மேல்நோக்கி ஏறி, தகட்டு இணைப்புகளுக்குள் புகும். விளிம்பிலிருந்து வெளிச்சுவர்க் கோட்டுக்கு 24 அங்குலம் உள்ளே வரும்வரை ஒட்டும் நீர்த்தடுப்புப் படலம் போட வேண்டும் என்று குடியிருப்பு விதிகள் சொல்கின்றன. மலையில் அதோடு நிறுத்துவது கஞ்சத்தனம். நான் முழுக் கூரைக்கும் போடச் சொல்வேன். ஆனால் படலம் என்பது தோல்விக்குப் பின்னால் நிற்கும் காவல். கூரைப் பலகையைக் குளிராகவே வைத்திருப்பதுதான் சரியான வழி. கீழே தடிமனான வெப்பத்தடுப்பு, காற்று கசியாத படலம், அதற்கு மேல் விளிம்பிலிருந்து முகடுவரை வெளிக்காற்று ஓடும் இடைவெளி, பிறகுதான் பலகையும் தகடும். 2021-ஆம் ஆண்டு ஆற்றல் விதிப் பதிப்பு இந்தக் குளிர் மண்டலங்களில் கூரைக்கு ஆர்-60 என்ற வெப்பத்தடுப்பு அளவைக் கேட்கிறது. எண்ணைவிட முக்கியம், விளக்குக் குழிகளுக்காகவும் குழாய்களுக்காகவும் அதை யாரும் ஓட்டை போடாமல் பார்த்துக்கொள்வது. உட்கூரை முழுக்க விளக்குக் குழி கேட்கும் வாடிக்கையாளரிடம் அதற்குப் பதில் சுவர் விளக்குகளை விற்கத் தெரிந்திருக்க வேண்டும். இதைச் சொல்லித்தரும் பொறியியல் கல்லூரி எதுவும் எனக்குத் தெரியாது.

கண்ணாடிக்கு வருவோம். ஸ்கீ வீடு கேட்கும் எல்லோரும் கேட்பது மலையைப் பார்க்கும் ஒரு முழுக் கண்ணாடிச் சுவர். அதன் வழியாக உள்ளிருந்து வெளியே நீண்டு செல்லும் எஃகு உத்தரங்களையும் கேட்பார்கள். பொறியாளன் கண்ணுக்கு அந்தத் தொடர் உத்தரம் பேரழகு. உள்ளே சமன் செய்து வெளியே நீளும் கேன்டிலீவர், இணைப்பே இல்லை. ஆனால் எஃகு மரத்தைவிட நூற்றுக்கணக்கான மடங்கு வெப்பத்தைக் கடத்தும். வெளியே மைனஸ் 20 டிகிரி செல்சியஸ் இருக்கும்போது உள்ளே இருக்கும் உத்தரத்தின் முனையில் வியர்க்கும், சில நேரம் உறைபனியே பூக்கும். நீர் சொட்டி மர உட்கூரை கறுக்கும். அதனால் கண்ணாடிக் கோட்டில் உத்தரத்தை வெட்டி, வெப்பம் கடத்தாத இணைப்பு போட வேண்டும். கட்டமைப்பு ரீதியாக அது அசிங்கம், செலவும் கூட. நான் பெரும்பாலும் எஃகை உள்ளேயே நிறுத்திவிட்டு, வெளிக்கூரையைத் தனி மரச் சட்டத்தில் தாங்கவைப்பேன்.

உயரமும் கண்ணாடியோடு விளையாடும். இரண்டு கண்ணாடிகளுக்கு இடையே வாயு அடைத்து மூடிய அலகை டென்வர் போன்ற இடத்தில் செய்தால், அது 5,280 அடியில் உள்ள காற்றழுத்தத்தோடு மூடப்படுகிறது. அங்கிருந்து வெய்ல் என்ற ஸ்கீ ஊருக்குப் போகும் நெடுஞ்சாலை ஐசன்ஹவர் சுரங்கத்தில் 11,158 அடியைத் தொட்டுவிட்டுத்தான் இறங்குகிறது. உள்ளே அடைபட்ட வாயு விரிந்து கண்ணாடிகளை வெளியே தள்ளும். பெரிய அலகுகள் நெளியும், ஓரம் திறக்கும், சமயத்தில் உடையும். மெல்லிய அழுத்தச் சமநிலைக் குழாய் வைத்தால் இது தீரும், ஆனால் அந்த வழியாக ஆர்கன் வாயு வெளியேறிவிடும். கண்ணாடியை ஆர்டர் செய்யும்போதே தளத்தின் உயரத்தையும் பாதையின் உச்ச உயரத்தையும் எழுதிக் கொடுங்கள். எரிவாயு அடுப்பும் கொதிகலனும்கூட அப்படித்தான். 2,000 அடிக்கு மேற்பட்ட இடங்களில், கடல் மட்டத்திலிருந்து ஒவ்வொரு 1,000 அடிக்கும் சுமார் 4 சதவீதம் திறன் குறைத்துக் கணக்கிடுவது வழக்கம். 9,600 அடியில் இருக்கும் பிரேக்கன்ரிட்ஜில் இதை மறந்தால் வீடு சூடாகாது.

திசை பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்லாத விஷயம் ஒன்று. பனி நீண்ட நாள் நிற்க வேண்டும் என்பதால் நல்ல ஸ்கீ சரிவுகள் பெரும்பாலும் வடக்குப் பார்த்தவை. வெய்லின் முன்பக்கச் சரிவு அப்படித்தான். பள்ளத்தாக்கின் எதிர்ப்பக்கம் வீடு கட்டினால் ஸ்கீ மலை தெற்கே தெரியும். காட்சியும் வெயிலும் ஒரே சன்னலில் கிடைக்கும். டிசம்பர் 21 நண்பகலில் அங்கே சூரியன் அடிவானத்துக்கு மேல் சுமார் 27 டிகிரிதான் ஏறும், வீட்டின் ஆழம்வரை வெளிச்சம் வரும். ஜூனில் 74 டிகிரி. சரியான கூரை நீட்டல் அதைத் தடுத்துவிடும். ஆனால் எல்லோருக்கும் வேண்டியது ஸ்கீயோடு வாசலிலேயே இறங்கும் வீடு. அந்த மனைகள் வடக்குச் சரிவில், மலையின் நிழலில் கிடக்கும். வாகனப் பாதை வாரக்கணக்கில் உருகாது. விலை மட்டும் அங்கேதான் அதிகம். மனை வாங்கும் முன் என்னைக் கூப்பிடுபவர்களிடம் இதைச் சொல்கிறேன். கேட்டுக்கொள்பவர்கள் குறைவு.

பாதை உருகாதபோது அடுத்து வரும் கோரிக்கை, தரைக்கடியில் வெந்நீர்க் குழாய் ஓடவிட்டுப் பனியை உருக்கும் அமைப்பு. சதுர அடிக்கு மணிக்கு 100 பி.டி.யு.-வுக்கு (வெப்பத்தை அளக்கும் அலகு) மேல் தின்னும் சமாச்சாரம் இது. 3,000 சதுர அடிப் பாதைக்கு 125 என்று வைத்தாலே மணிக்கு 3,75,000 பி.டி.யு. வருகிறது. ஒரு சாதாரண வீட்டின் மொத்தக் கொதிகலன் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. கொலராடோவின் ஸ்கீ ஊரான ஆஸ்பெனும் அது இருக்கும் பிட்கின் கவுண்டியும் 2000-ஆம் ஆண்டிலிருந்து இத்தகைய வெளிப்புற ஆற்றல் செலவுக்குக் கட்டணம் வாங்குகின்றன. அல்லது தளத்திலேயே புதுப்பிக்கத்தக்க ஆற்றல் உற்பத்தி செய்யச் சொல்கின்றன. இது நல்ல விதி என்பது என் கருத்து. வருடத்தில் சில வாரங்கள் மட்டும் ஆள் இருக்கும் வீட்டுக்கு வெளியே காற்றைச் சூடாக்குவதை நியாயப்படுத்த எனக்குத் தெரியவில்லை. வாடிக்கையாளரிடம் அப்படிச் சொல்ல மாட்டேன். பாதையைச் சுருக்கி, கராஜைத் தெருவுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, சூடாக்கும் பரப்பைப் படிகளுக்கும் வாசலுக்கும் மட்டும் குறைத்த படத்தையும், குறையும் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பேன். பாதிப் பேராவது சின்னப் பாதையைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

இந்த வீடுகளில் எனக்கு மிகப் பிடித்த அறை வரவேற்பறை இல்லை, ஸ்கீ அறை. மலையிலிருந்து இறங்கும் குடும்பம் முதலில் நுழைவது அங்கேதான். எல்லோர் மேலும் பனி, கையில் ஸ்கீ, காலில் கணுக்கால் மடங்காத பிளாஸ்டிக் பூட்ஸ், குழந்தைக்கு அவசரமாகக் கழிவறை வேண்டும். அந்தச் சில நிமிடங்களைச் சரியாக வடிவமைத்தால் மீதி வீட்டைப் பற்றி யாரும் குறை சொல்வதில்லை. தரை சரிவின் மட்டத்திலேயே இருக்க வேண்டும். அந்தப் பூட்ஸோடு படி இறங்குவது கொடுமை. மெருகேற்றாத சொரசொரப்பான கல், அடியில் வெப்பம், நடுவில் வடிகால். உட்காரும் பலகை வழக்கத்தைவிடச் சற்று உயரம். ஆளுக்கொரு திறந்த அலமாரி, பூட்ஸுக்கும் கையுறைக்கும் வெதுவெதுப்பான காற்று ஊதும் குழாய்கள். ஈரத்தையும் வாசனையையும் வெளியேற்றும் தனி விசிறி. அறையை ஒட்டியே ஒரு கழிவறை, உடை மாற்றாமல் போகும்படி. கராஜ் வழியாக மளிகை வரும் வாசலோடு இதைச் சேர்க்காதீர்கள், இரண்டு கூட்டமும் முட்டிக்கொள்ளும். நான்காயிரம் டாலர் சோஃபாவுக்கு மணிக்கணக்கில் யோசிக்கும் வாடிக்கையாளர்கள் இந்த அறையை 'அந்தச் சேமிப்பறை' என்பார்கள். முதல் குளிர்காலத்துக்குப் பிறகு தொலைபேசியில் நன்றி வருவது இதற்குத்தான்.

ஆளில்லாத மாதங்களுக்கும் வடிவமைக்க வேண்டும். நீர்க்குழாய் எதையும் வெளிச்சுவரில் ஓடவிடாதீர்கள். ஒரே இடத்தில் நின்று முழு வீட்டு நீரையும் மூடி வடிக்கும் ஏற்பாடு, வெப்பம் குறைந்தால் பராமரிப்பாளர் தொலைபேசிக்குப் போகும் எச்சரிக்கை, இரண்டும் அவசியம். கோடையில் கவலை தலைகீழாக மாறும், காட்டுத்தீ வரும். பழைய மலை வீடுகளின் அழகு என்று நினைக்கும் தேவதாரு மரச் சில்லுகள் வேய்ந்த கூரை தீப்பொறிக்கு விருந்து. முதல் தரத் தீத்தடுப்புக் கூரை, பொறி புகாத வலையுள்ள காற்றோட்டத் துளைகள், சுவரை ஒட்டி ஐந்தடிக்கு எரியும் எதுவும் இல்லாத தரை. குவித்த விறகையும் அங்கிருந்து அகற்றச் சொல்லுங்கள்.

பழைய மலை வீடு என்றதும் பெருங்கற்களும் தடித்த மரங்களும் நினைவுக்கு வரும். ஆஸ்பெனின் ஆரம்பகாலக் கட்டடங்களைப் போய்ப் பார்க்கச் சொல்வேன். 1946-இல் அங்கே வந்த, ஜெர்மனியின் பவ்ஹவுஸ் கலைப்பள்ளியைச் சேர்ந்த கலைஞர் ஹெர்பர்ட் பேயரும், புகழ்பெற்ற அமெரிக்க ஆர்க்கிடெக்ட் ஃபிராங்க் லாய்ட் ரைட்டிடம் பயின்று, அமெரிக்க ராணுவத்தின் பத்தாவது மலைப் படைப்பிரிவில் பணியாற்றியபின் அங்கே குடியேறிய ஃபிரிட்ஸ் பெனடிக்டும் அந்த ஊரின் முகத்தை மாற்றியவர்கள். தாழ்ந்து பரவி நிலத்தோடு ஒட்டிய பெனடிக்டின் வீடுகள், மண்ணும் புல்லும் மூடிய அவருடைய கூரைகள், எல்லாம் பனியை எதிரியாக நினைக்காத வடிவமைப்பு. இன்று சதுர அடிக்கு ஆயிரம் டாலரைத் தாண்டிச் செலவழிக்கும் வீடுகள் பலவற்றில் அந்த நிதானம் இல்லை.

பொறியாளராக இருப்பவர் இந்தத் துறைக்கு வர நினைத்தால் வேலையை விடும் முன் ஒன்று செய்து பார்க்கலாம். உங்கள் மேசைக்கு வரும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பாரத்தைக் கணக்கிட்டு முடித்த பிறகு, அதே வீட்டின் கூரையை வேறு விதமாக மூன்று முறை வரையுங்கள், வெட்டுத்தோற்றத்தில், கையால், மாலையில் வீட்டில் உட்கார்ந்து. யாரிடமும் காட்ட வேண்டாம். மூன்றாவதை வரையும்போது நேரம் போவது தெரியாமல் இருந்தால் விண்ணப்பம் வாங்கலாம். முதலாவதிலேயே கணக்குத் தாள் மேல் ஆசை வந்தால் இருக்கும் இடத்திலேயே இருங்கள். நல்ல பனிப்பாரப் பொறியாளருக்கு இந்த மலைகளில் எப்போதும் வேலை உண்டு, சம்பளமும் கூடுதல்.

இன்று என்னிடம் பொறியாளர், ஆர்க்கிடெக்ட் என்ற இரண்டு உரிம முத்திரைகளும் இருக்கின்றன. ஒரே வீட்டுக்கு இரண்டையும் நானே குத்துவதில்லை. வாடிக்கையாளர்கள் கேட்பார்கள், ஒரு கட்டணம் மிச்சமாகுமே என்று. முடியாது என்றுதான் சொல்வேன். காப்பீடு செய்பவரோடு வரும் தலைவலி ஒரு பக்கம். இன்னொரு பக்கம், நான் வரைந்த கூரையை நானே சரிபார்த்தால் அது எனக்குப் பிடித்தபடியேதான் தாங்கும். என் கூரைகளுக்குக் கணக்குப் போடும் பொறியாளர் கறாரானவர், ஓடைகளைக் கண்டாலே பல்லைக் கடிப்பவர். அவரை முதல் ஓவியம் வரையும் நாளிலேயே கூப்பிட்டு உட்கார வைத்துவிடுகிறேன்.